தை மாதத்தில் பிரதியைக் கிழிக்காதீர்கள்

ரொறன்ரோவில் மனநல வைத்தியராக இருக்கிறேன். எழுதுகிறவர்கள் என்னைத் தேடி வரும் பருவம் எனக்குத் தெரியும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புகிறோம். மாலை ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடுகிறது. டிசம்பர் நடுவில் ஒருவர் வருவார், ஜனவரியில் இன்னும் இருவர். மனச்சோர்வு என்று யாரும் சொல்வதில்லை. "எழுத்து வற்றிவிட்டது, டொக்டர்" என்பதுதான் முறைப்பாடு.

அறுபதைத் தாண்டிய சிறுகதையாளர் ஒருவர் வந்தார். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். அவருடைய எழுத்து மேசை பேஸ்மென்டில் இருந்தது. தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்த காலத்துப் பழக்கம், இரண்டு மணி வரை எழுதுவார்; காலை பத்தரைக்கு எழும்புவார். இருக்கும் ஒரேயொரு சின்ன ஜன்னலையும் பனி மூடிவிடும். டிசம்பர் கடைசியில் இங்கே பகல் ஒன்பது மணி நேரம்கூட முழுதாக இல்லை. அதில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தைத் தூங்கியே கழித்தார், மிச்சத்தை நிலத்துக்குக் கீழே. எவ்வளவு தூங்கியும் அசதி தீரவில்லை. பாணும் இனிப்பும் கேட்கும் நாக்கு, ஏறிக்கொண்டே போகும் எடை. துருவிக் கேட்டபோது மூன்று வருடமாக இதே மாதங்களில் இதே கதை என்று தெரிந்தது. சித்திரை பிறந்ததும் தானாகத் தெளிந்துவிடுவதால் அவர் அதை மறந்துவிடுகிறார்.

இதற்குப் பருவகால மனச்சோர்வு என்று பெயர். 1984இல் இதை விவரித்து எழுதியவர்களில் முதன்மையானவர் நோர்மன் ரோசென்தால். தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மனநல வைத்தியர். வெயில் நாட்டிலிருந்து வந்தவருக்கு இது உறைத்ததில் எனக்கு வியப்பில்லை. யாழ்ப்பாணத்தில் மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணி நேரம் இருக்கும். அங்கே வளர்ந்த நம் உடம்புக்கு இருட்டைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இங்கே தைப்பொங்கல் காலையில் அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது, ஜன்னலுக்கு வெளியே சூரியனைத்தான் காணோம்.

கண்ணின் விழித்திரையில் சில கலங்கள் காட்சிக்காக அல்ல, மூளையின் கடிகாரத்துக்கு "விடிந்துவிட்டது" என்று சொல்வதற்காகவே வேலை செய்கின்றன. அந்தச் செய்தி பிந்தினால் தூக்கமும் பசியும் மனநிலையும் சேர்ந்து பிந்துகின்றன. இந்நோய்க்குச் சொல்லப்படும் விளக்கங்களில் இது முக்கியமானது. காலையை இழப்பதையே தொழில் ஒழுங்காக வைத்திருக்கும் எழுத்தாளர்கள் எளிதாக மாட்டிக்கொள்கிறார்கள்.

துயரம் இருந்தால்தான் எழுத்து வரும் என்று வாதிடுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. துயரப்படுகிறவனால் ஒரு வரியாவது எழுத முடியும். இந்தச் சிறுகதையாளரால் பேனாவின் மூடியைத் திறக்கவே முடியவில்லை.

சிகிச்சை கேட்க எளிமையாகத்தான் இருக்கும். 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தரும், புற ஊதாக் கதிரை வடிகட்டிய விளக்குப் பெட்டி. காலை எழும்பியவுடன் அரை மணி நேரம், பெட்டியோடு வரும் குறிப்பில் சொன்ன தூரத்தில். விளக்கை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை, பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்திரிகை வாசிக்கலாம். வீட்டு அறையின் சாதாரண வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய நாளிலும் வெளியே அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு. ஆகவே காலை நடையும் மருந்துதான். கனடாவில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், விளக்குப் பெட்டி ஃப்ளுவோக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரைக்கு இணையான பலன் தந்தது. எண்ணங்களைத் திருத்தும் பேச்சுச் சிகிச்சையும் உதவும்.

ஆனால் கடைக்குப் போய் நீங்களாகவே பெட்டியை வாங்கிவிட வேண்டாம். மனம் ஒரு காலம் சோர்ந்தும் ஒரு காலம் அளவுமீறிப் பொங்கியும் போகும் இருதுருவக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த வெளிச்சம் மனத்தை அந்தப் பொங்கும் பக்கம் எழுப்பிவிடலாம். விழித்திரை நோய் இருந்தாலும், ஒளி ஒவ்வாமை தரும் மருந்து எடுத்தாலும் வைத்தியரைக் கேட்க வேண்டும். விளக்கை மாலையில் போட்டால் தூக்கம் கெடும். குளிருக்கு என்று தொடங்கும் இரண்டு பெக் விஸ்கி தூக்கத்தையும் மனத்தையும் இன்னும் கீழே இழுக்கும். இதைச் சொன்னால் எழுத்தாளர்கள் ஜன்னலைப் பார்க்கிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை என்றால் பனி உருகும்வரை காத்திருக்க வேண்டாம், குடும்ப வைத்தியரிடம் போங்கள். சாவைப் பற்றிய நினைப்பு வந்தால் அன்றைக்கே உதவி கேளுங்கள். கனடாவில் 988 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

எழுத்து விஷயத்தில் நான் கேட்பது ஒன்றுதான். சோர்வில் இருக்கும் மூளை தன் எழுத்தைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பை ஏற்காதீர்கள். ஜனவரியில் மெய்ப்புத் திருத்தலாம், பழைய குறிப்புகளை அடுக்கலாம், நாளுக்குப் பத்து வரி எழுதலாம். அழிப்பதும் கிழிப்பதும் ஏப்ரலுக்குப் பிறகு. அவரிடம் பாதி எழுதிய நாவல் ஒன்று இருந்தது. "குப்பை, எரித்துவிடப் போகிறேன்" என்றார். "எரியுங்கள் ஐயா, ஆனால் அதுவரை அக்காவிடம் கொடுத்து வையுங்கள்" என்றேன். அவருடைய மனைவி அதை அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தாராம்.

மேசை பேஸ்மென்டிலிருந்து சமையலறையின் கிழக்கு ஜன்னலுக்கு வந்தது. விளக்குப் பெட்டியால் காலை ஏழரைக்கு வீட்டில் மீன்கடை மாதிரி வெளிச்சம் என்று அக்கா தொலைபேசியில் அலுத்துக்கொண்டார். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வாரம் அவரே ஒன்பது மணிக்குக் கோப்பி போட்டார். ஏப்ரலில் நாவலை எடுத்து வாசித்திருக்கிறார். இரண்டு அத்தியாயங்களை வெட்டிவிட்டு, மிச்சத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்.