பலாவுக்கு கிடைச்சது பேட்டன்ட் இல்லங்க

2025ல பண்ருட்டி பலாவுக்கும் முந்திரிக்கும் புவிசார் குறியீடு கிடைச்சப்போ எங்க கடலூர் பக்கம் வாட்ஸ்அப் குரூப் பூரா "நம்ம பலாவுக்கு பேட்டன்ட் வாங்கியாச்சு"ன்னு ஓடுச்சு. சந்தோஷம்தான், ஆனா அது பேட்டன்ட் இல்ல. புவிசார் குறியீடு ஒரு ஊரோட பேருக்கு கிடைக்கிறது, தனி ஆளுக்கு இல்ல, வில்லியனூர் சுடுமண் பொம்மைக்கும் அதேதான். பேட்டன்ட்டு புதுசா ஒண்ண கண்டுபிடிச்சவருக்கு. இதுல காப்புரிமைங்கிற ஒரே வார்த்தைய பேட்டன்ட்டுக்கும் போடுறாங்க காப்பிரைட்டுக்கும் போடுறாங்க, படிக்கிறவங்க என்ன பண்ணுவாங்க? காப்பிரைட் நீங்க கதை எழுதுனவுடனே தானா வந்துரும், உங்க காலத்துக்கு அப்புறமும் 60 வருஷம் இருக்கும். பேட்டன்ட் கேட்டுதான் வாங்கணும், அப்ளிகேஷன் போட்ட தேதியிலருந்து 20 வருஷம், அதுவும் ஒழுங்கா ஃபீஸ் கட்டிட்டு வந்தா.

எங்க மாமா ஒருத்தர் பண்ருட்டி பக்கம் பட்டறை வச்சிருக்கார். முந்திரிக்கொட்டை ஓட்டுல இருக்குற எண்ணெய் பட்டா கை வெந்துரும், உடைக்கிற பொம்பளைங்க கைய பாத்து பாத்து மனசு கேக்காம ஒரு மெஷின் செஞ்சார், செஞ்ச சந்தோஷத்துல யூடியூப்ல வீடியோவும் போட்டுட்டார். எட்டு மாசம் கழிச்சு பேட்டன்ட் ஏஜென்ட்கிட்ட போனா அவர் கேட்ட முதல் கேள்வியே "இத வெளிய எங்கயாவது காட்டிருக்கீங்களா?"

இதுக்குப் பேர்தான் பிரையர் ஆர்ட். அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடி உலகத்துல எங்க வெளிய வந்திருந்தாலும் அது புதுசு இல்ல, உங்க சொந்த வீடியோவா இருந்தாலும் சரி. மஞ்சளுக்கு புண்ணு ஆத்துற குணம் இருக்குன்னு 1995ல அமெரிக்காவுல பேட்டன்ட் குடுத்தாங்களே, அத நம்ம மத்திய அரசோட அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் காட்டி 1997ல ரத்து பண்ண வச்சதும் இதே பிரையர் ஆர்ட்ட வச்சுதான். மாமா முதல்லயே புரொவிஷனல்னு ஒரு தற்காலிக அப்ளிகேஷன் போட்டிருந்தா அந்த தேதி அவருக்குன்னு பதிவாயிருக்கும், முழு விவரம் குடுக்க 12 மாசம் டைமும் இருந்திருக்கும். இத யாருமே அவருக்கு சொல்லலங்கிறதுதான் எனக்கு இன்னும் ஆறல.

நல்லவேளை, கொட்டைய ஒரே பக்கமா திருப்பி நிறுத்துற அமைப்ப அவர் வீடியோவுக்கு அப்புறம்தான் சேத்திருந்தார். பழைய மெஷினையும் வீடியோவையும் பாத்த தொழில் தெரிஞ்ச ஒருத்தருக்கு சட்டுனு தோணாத விஷயமா அது இருந்தா அதுக்கு மட்டும் பேட்டன்ட் கேக்கலாம்னார் ஏஜென்ட்.

அப்புறம் வந்துச்சு கிளெய்ம், எல்லாத்தையும் விட முக்கியம் இதுதான். நிலப் பத்திரத்துல செக்குபந்தி எழுதுவோம்ல, வடக்கே இன்னார் நிலம் தெற்கே வாய்க்கால்னு, அந்த மாதிரி உங்க கண்டுபிடிப்போட எல்லை எதுவரைக்கும்னு எழுதுறது. ரொம்ப அகலமா எழுதுனா அடுத்தவன் நிலத்துல, அதாவது பிரையர் ஆர்ட்ல போய் இடிக்கும். குறுக்கி எழுதுனா பக்கத்து பட்டறைக்காரர் ஓரமா சுத்திப் போயிருவார். மாமா முதல்ல "ஸ்டீல் ஸ்பிரிங்"னு எழுதிருந்தார், அப்படியே விட்டிருந்தா ரப்பர் பட்டை போட்டு செய்றவர தடுக்குறதே பெரும்பாடு, அதனால "திரும்ப இழுக்கும் அமைப்பு"ன்னு மாத்துனாங்க.

சென்னை கிண்டி ஆபீஸ் வழியா போட்ட அப்ளிகேஷன் இப்போ பரிசோதனைல இருக்கு. பேட்டன்ட் கிடைக்கிற வரைக்கும் மெஷின் மேல பேட்டன்ட் பெண்டிங்னு, அதாவது அப்ளிகேஷன் நிலுவைல இருக்குன்னு போட்டுக்கலாம். கிடைக்கிறதுக்கு முன்னாடியே பேட்டன்ட் வாங்கிட்டோம்னு போட்டா அபராதம்.