எண் 2 என்றால் இரண்டு லிட்டர் அல்ல

கார்த்திகைக் கடைசியில் ஒருநாள், ஓய்வுபெற்ற மில் ஃபிட்டர் ஒருவர் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு என் அறைக்குள் வந்தார். எழுபதைத் தாண்டிய வயது. நாற்பது ஆண்டு பீடியும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து அரித்த நுரையீரல். வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பிய போர்ட்டபிள் ஆக்சிஜன் செறிவூட்டிதான் அந்தப் பைக்குள் இருந்தது. எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே. விலை அவருடைய மில் பென்ஷனில் பல ஆண்டுகளுக்குச் சமம். "தையில் பேத்திக்குக் கல்யாணம் டாக்டர். இனிமேல் நானும் போகலாம் அல்லவா?" என்றார். கூட வந்த மருமகள் கருவியின் பொத்தானைக் காட்டினார். அதில் 2 என்று எரிந்துகொண்டிருந்தது.

உட்கார்ந்திருந்தபோது, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 92 காட்டியது. "வாருங்கள் ஐயா, கொஞ்சம் நடந்து பார்க்கலாம்" என்று வராந்தாவுக்கு அழைத்துப் போனேன். எங்கள் வராந்தா முப்பது மீட்டர் நீளம். முதல் சுற்றில் 89. இரண்டாவதில் 86. மூன்றாவது திரும்பலில் 82. உதடு கறுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மூச்சு அடங்கியதும் அவர் கேட்ட கேள்வி நியாயமானது: "ஆஸ்பத்திரியிலும் இரண்டுதானே வைத்தீர்கள்?"

அந்த இரண்டு வேறு, இந்த இரண்டு வேறு. இதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நானும்தான்.

காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். மீதியில் பெரும்பகுதி நைட்ரஜன். செறிவூட்டி வெளிக்காற்றை இழுத்து, சியோலைட் என்ற மணிகள் நிரம்பிய உருளைக்குள் அழுத்துகிறது. நைட்ரஜன் அந்த மணிகளில் ஒட்டிக்கொள்ள, 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் உள்ள காற்று வெளியே வருகிறது. வீட்டில் வைக்கும் பெரிய கருவி சுமார் 15 கிலோ இருக்கும்; நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் வரை இடைவிடாமல் தரும். தோளில் மாட்டும் கருவியால் அவ்வளவு தயாரிக்க முடியாது. பெரும்பாலானவற்றின் மொத்த உற்பத்தியே நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அதனால் அது சிக்கனம் பிடிக்கிறது: நாம் மூச்சை உள்ளே இழுக்கத் தொடங்கும் கணத்தை உணர்ந்து, அப்போது மட்டும் 'புஸ்' என்று ஒரு தவணை விடுகிறது. கெட்டிக்கார ஏற்பாடுதான், மூச்சின் கடைசிப் பகுதி எப்படியும் நுரையீரலைத் தொடாமல் மூச்சுக்குழாயிலேயே நின்று திரும்பிவிடும்.

சிக்கல் அந்த எண்ணில் இருக்கிறது. 1, 2, 3 என்பவை லிட்டர்கள் அல்ல. தவணையின் அளவுக்குத் தயாரிப்பாளர் வைத்த பெயர்கள். ஒரு நிறுவனத்தின் 2 இன்னொரு நிறுவனத்தின் 2 ஆக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பரவலாக விற்கும் சிறிய கருவி ஒன்றில் எண் 2 வைத்தால் நிமிடத்துக்குக் கிடைப்பது சுமார் 420 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 20 மூச்சு விட்டால் மூச்சுக்கு 21 மில்லி. நடக்கும்போது மூச்சு 30 ஆகிறது என்று வையுங்கள். அதே 420 முப்பதாகப் பிரிந்து மூச்சுக்கு 14 மில்லி ஆகிவிடும். எப்போது அதிகம் தேவையோ அப்போது தவணை சிறுத்துப்போகிறது. எல்லாக் கருவிகளும் இப்படி இல்லை. சில, மூச்சு கூடினாலும் தவணையைக் குறைப்பதில்லை. எது எந்த வகை என்று கடைக்காரருக்கே பல நேரம் தெரியாது.

அவருக்கு எண்ணை 4-க்கு ஏற்றி மறுபடி நடக்கவைத்தோம். 88-க்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் பெட்டியில் போட்டிருந்த பேட்டரி நேரம் குறைந்த எண்ணுக்கானது. 4-இல் அதில் பாதிகூடத் தாங்கவில்லை.

என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். முந்தைய ஆண்டு அவரை வீட்டுக்கு அனுப்பியபோது சீட்டில் நான் எழுதியது "ஆக்சிஜன் 2 லிட்டர்" என்ற இரண்டே சொற்கள். மகன் அதைப் படித்துவிட்டுத்தான் 2 உள்ள கருவியைத் தேடி வாங்கியிருக்கிறார். இப்போது மூன்று வரி எழுதுகிறேன்: உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு, நடக்கும்போது எவ்வளவு, தூங்கும்போது எவ்வளவு, ஒவ்வொன்றுக்கும் எந்த வகைக் கருவி. உங்கள் சீட்டில் அந்த மூன்றும் இல்லையென்றால் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம், கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள்.

கருவியைப் பற்றிப் பேசுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஆக்சிஜனே தேவையா? இளைப்பும் ஆக்சிஜன் குறைவும் ஒன்றல்ல. 96 வைத்துக்கொண்டு மூச்சிரைப்பவர்களையும், 84-இல் சாவகாசமாகச் செய்தித்தாள் படிப்பவர்களையும் வாரம்தோறும் பார்க்கிறேன். நோய் கட்டுக்குள் இருக்கும் நாளில், ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது, ரத்த வாயுப் பரிசோதனையில் ஆக்சிஜன் அழுத்தம் 55 மி.மீ. பாதரசம் அல்லது அதற்குக் கீழே இருந்தால், அல்லது ஆக்சிமீட்டர் 88-ஐத் தாண்டாவிட்டால், வீட்டு ஆக்சிஜன் ஆயுளைக் கூட்டும். இதயத்தின் வலப்பக்கம் ஏற்கனவே தளர்ந்திருந்தால் அந்த அழுத்தத்தை 59 வரை கணக்கில் எடுப்போம். 1980-இல் அமெரிக்காவிலும் 1981-இல் பிரிட்டனிலும் வெளிவந்த இரண்டு ஆய்வுகள்தான் இன்றைய விதிக்கு அடிப்படை. நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் என்ற கணக்கும் அங்கிருந்து வந்ததே. "மூச்சு வாங்கும்போது பத்து நிமிடம் வைத்துக்கொள்வேன்" என்பதில் ஆயுள் கூடாது. ஓய்வில் 89 முதல் 93 வரை இருப்பவர்களையும் நடக்கும்போது மட்டும் குறைபவர்களையும் வைத்து நடந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது; அவர்களுக்கு ஆக்சிஜன் கொடுத்ததால் ஆயுளோ மருத்துவமனைச் சேர்க்கையோ மாறவில்லை. நடக்கும்போது ஆக்சிஜன் வைத்தால் இளைப்புக் குறைந்து அதிக தூரம் போக முடிகிறது என்று வராந்தாவில் கண்ணால் பார்த்தால், அதற்காகக் கொடுக்கலாம்.

சளித் தொற்று முற்றி மருத்துவமனையில் சேர்ந்து, வீடு திரும்பும்போது ஆக்சிஜனோடு போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நுரையீரல் தேற நாளாகும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். பலருக்கு அப்போது தேவையே இருக்காது. விறகடுப்புப் புகையால் நோய் வந்த அம்மா ஒருவர், ஒன்றரை ஆண்டு மூக்குக் குழாயோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தார். அளந்து பார்த்தால் குழாய் இல்லாமலேயே 94.

இருக்கிறது என்பதற்காக ஏற்றிவிடவும் கூடாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் எங்கள் இலக்கு 88 முதல் 92. கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு ஆக்சிமீட்டர் வந்த பிறகு, 99 பார்க்காமல் பிள்ளைகளுக்குத் தூக்கம் வருவதில்லை. பாசத்தில் லிட்டரை ஐந்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். சிலருக்கு அதனால் கரியமில வாயு உள்ளே தேங்கும். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், பேச்சில் குழப்பம். "அப்பா இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறார்" என்று தொலைபேசியில் யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஆக்சிமீட்டரும் தேவவாக்கு அல்ல. குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சிலும் தடுமாறும். கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்.

சரி, தேவை என்று உறுதியாகிவிட்டது. எதை வாங்குவது? முதலில் வீட்டுக் கருவி. இரவுத் தூக்கத்துக்கு அதுதான் நம்பகம். தூக்கத்தில் மூச்சு மெலிந்தால், அல்லது வாய் வழியாகப் போனால், தவணை விடும் கருவிக்கு அது தெரியாமல் போகலாம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் "1–7 லிட்டர்" கருவிகளை வாங்காதீர்கள். ஒரு லிட்டரில் 90 சதவீதம் தருவது, ஏழுக்குத் திருப்பினால் 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அவர்களே போட்டிருப்பார்கள். 2021-இல் வாங்கிப் பரணில் போட்ட கருவியை எடுத்துத் துடைத்து மாட்டுவதும் ஆபத்து. சியோலைட் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டிருக்கும். சத்தம் வரும், ஆக்சிஜன் வராது. தூய்மையை அளக்கும் கருவியோடு ஒரு டெக்னீஷியன் வந்து பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

மின்சாரக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். 350 வாட் கருவி 15 மணி நேரம் ஓடினால் நாளுக்கு ஐந்தேகால் யூனிட். இரண்டு மாதத்துக்கு 315. இலவச நூறு யூனிட் மூன்று வாரம்கூடத் தாங்காது. பராமரிப்பு மின்தடை பல இடங்களில் காலை ஒன்பதுக்குத் தொடங்கிப் பிற்பகல் வரை நீளும், 150 ஏ.எச். பேட்டரி உள்ள வீட்டு இன்வெர்ட்டர் மூன்று நான்கு மணி நேரம்தான் இழுக்கும். அதனால் ஒரு பி-டைப் சிலிண்டர் வீட்டில் நிற்கட்டும். அதில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு இரண்டு வைத்தால் பன்னிரண்டரை மணி நேரம்.

போர்ட்டபிள் கருவி அதற்கும் பிறகு. வெளியே எத்தனை முறை போகிறீர்கள், எத்தனை மணி நேரம்? மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனை, அமாவாசைக்குக் கோயில் என்றால், லட்சங்களைக் கொட்ட வேண்டாம். காரில் வைக்கும் சிறிய அலுமினிய சிலிண்டர் போதும். வேலைக்குப் போகிறவர், தினமும் நடக்கிறவர் என்றால் வாங்கலாம். ஆனால் முதலில் வாடகைக்கு எடுங்கள். அல்லது கடைக்காரரை மருத்துவமனைக்கே கருவியோடு வரச்சொல்லி, நடந்து காட்டிவிட்டு வாங்குங்கள். நடக்கவிட மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். உங்களுக்குத் தேவையான எண்ணில் பேட்டரி எத்தனை மணி நேரம், சியோலைட் உருளையை மாற்ற எவ்வளவு செலவு, பழுதானால் யார் வருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த கருவிகளின் பெரிய துன்பம் கடைசிக் கேள்வியில்தான் இருக்கிறது.

பயணத்தில் உயரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். விமான அறையின் அழுத்தம் எட்டாயிரம் அடி உயரத்து மலையளவுக்குக் குறையலாம். அப்போது கிடைப்பது தரையில் 15 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்குச் சமம். பல நாள் முன்பே விமான நிறுவனத்துக்குச் சொல்லி, மருத்துவப் படிவத்தை நிரப்பி, பறக்கும் நேரத்தைப் போல் ஒன்றரை மடங்குக்குப் பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். மாற்று பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும். ரயிலில் உள்ள செருகுமுனை செல்பேசிக்கானது. அதை நம்பி ஏறாதீர்கள்.

நம் ஃபிட்டர் பறக்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் ஊட்டிக்காரர்கள், மண்டபமும் அங்கேதான். கோவையில் 4 வேண்டியிருப்பவருக்கு 2,240 மீட்டர் உயரத்தில் அந்தக் கருவியின் கடைசி எண்ணும் போதுமா என்பது சந்தேகம். "மலைக்கு வேண்டாம் ஐயா" என்றதும் முகம் தொங்கிவிட்டது. வீட்டில் பேசிப் பார்க்கிறேன் என்று மருமகள் சொன்னார்.

புறப்படும்போது மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "வீட்டில் விளக்கேற்றலாமா?" கார்த்திகை மாதமாயிற்றே. ஏற்றலாம், வேறு அறையில். ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் சிறு பொறியைப் பெருந்தீயாக்கும். துணியிலும் முடியிலும் தங்கி நிற்கும் என்பதால், குழாயைக் கழற்றிய கையோடு அடுப்படிக்குப் போகவும் கூடாது. கற்பூரம், சாம்பிராணி, பீடி எதுவும் அந்த அறையில் வேண்டாம். காய்ந்த மூக்குக்கு வாசலினோ எண்ணெயோ தடவாமல், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் தடவுங்கள்.

அவருடைய இன்ஹேலரையும் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொன்னேன். மருந்து முழுவதும் நாக்கில் பட்டு வெண்புகையாக வாயிலிருந்து திரும்பி வந்தது. லட்சக்கணக்கில் கருவி தோளில் தொங்குகிறது. மருந்து நுரையீரலுக்குள் போய்ச் சேர இன்ஹேலரில் பொருத்தும் ஸ்பேசர் குழல், சில நூறு ரூபாய்தான், வீட்டில் இல்லை! அன்று அவருக்கு நான் செய்த பெரிய உதவி ஸ்பேசரை எழுதிக் கொடுத்ததுதான் என்று நினைக்கிறேன். கூடவே இன்ஃபுளுவென்சா, நிமோனியா தடுப்பூசிகள். உதட்டைக் குவித்து ஊதும் மூச்சுப் பயிற்சி. பிசியோதெரபிஸ்ட்டின் கண்காணிப்பில் வாரத்துக்கு மூன்று நாள் நடை. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், கால் வீங்கினால், வழக்கத்தைவிடத் தூக்கம் அதிகமானால் காத்திருக்காமல் வரச்சொன்னேன்.

தை கடைசியில் வந்தார். கல்யாணத்தை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் மலையிறங்கி வந்திருக்கிறார்கள். பேட்டரி எத்தனை மணிக்குத் தீர்ந்தது, எத்தனை மணிக்கு மாற்றினார் என்று பழைய மில் பழக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டில் நேரம் போட்டுக் குறித்து வைத்திருந்தார். மண்டபத்தில் வேலை செய்த ஒரே பிளக் மேடையை ஒட்டி இருந்ததாம். "அதனால் தாலி கட்டும்போது முதல் வரிசையில் நான்தான்" என்றார்.