வெளிநாட்டுப் பங்குக் கணக்குக்குப் பணம் அனுப்பும்போது உண்மையில் கழிவது எவ்வளவு?

"கட்டணம் எதுவும் கிடையாது என்றுதானே சார் சொன்னார்கள்" என்றபடி ஒரு வங்கிச் சீட்டை என் மேசை மீது வைத்தார் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர். அமெரிக்காவில் தம் பெயரில் திறந்திருந்த பங்குத் தரகுக் கணக்குக்கு அவர் 5,000 டாலர் அனுப்பியிருந்தார். சீட்டில் அனுப்புகைக் கட்டணம் என்ற வரிக்கு நேரே சுழியம்தான் இருந்தது. ஆனால் அதற்கு மேலே மாற்று விகிதம் என்று அச்சாகியிருந்த எண்ணை அன்றைய சந்தை விலையோடு வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு டாலருக்கும் ஏறத்தாழ இரண்டு ரூபாய் கூடுதலாக அவரிடமிருந்து வாங்கப்பட்டிருந்தது தெரிந்தது. பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய அந்தத் தொகை சீட்டின் எந்த வரியிலும் கட்டணம் என்ற பெயரில் இல்லை.

பட்டயக் கணக்காளராகக் கோயம்புத்தூரில் தொழில் செய்யும் எனக்கு, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் மாதங்களில் இத்தகைய சீட்டுகள் பல வருகின்றன. வெளிநாட்டில் எந்தப் பங்கை வாங்குவது என்று பல வாரங்கள் ஆராய்ந்தவர்கள்கூட, அந்தப் பணம் இங்கிருந்து அங்கே போய்ச் சேரும் வழியில் எவ்வளவு உதிர்கிறது என்று கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. செலவு ஒரே இடத்தில் இருந்தால் கண்ணில் படும். இது நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கிறது, அவற்றுள் பெரியது எதிலும் எழுதப்படுவதில்லை.

இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஒருவர் ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பண அனுப்புகைத் திட்டத்தின் கீழ்தான் இப்படி அனுப்ப முடியும். 2004இல் 25,000 டாலர் வரம்போடு தொடங்கிய இத்திட்டத்தில் இன்று ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவமும் உறுதிமொழியும் பான் எண்ணும் கொடுக்க வேண்டும்; வெளிநாட்டுப் பங்குகளில் முதலீடு என்பதற்குரிய நோக்கக் குறியீடு எஸ்0001. இவை எல்லா வங்கிகளிலும் ஒன்றுபோலவே இருக்கும். செலவுதான் வங்கிக்கு வங்கி, சில நேரம் ஒரே வங்கியில் வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர், வேறுபடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எளிமைக்காகச் சந்தையில் ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5,000 டாலருக்கு அடக்க விலை 4,50,000 ரூபாய். வங்கி அன்று காலை அறிவித்த அட்டை விலை இரண்டு சதவீதம் கூடுதலாக, 91.80 ரூபாயாக இருந்தால், நம் கணக்கிலிருந்து 4,59,000 ரூபாய் கழியும். அனுப்புகைக் கட்டணம் 1,000 ரூபாய், அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 180 ரூபாய். இதன்றி, நாணய மாற்றத்துக்கென்று தனியே ஒரு ஜிஎஸ்டி உண்டு. ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையிலான தொகைக்கு, 1,000 ரூபாயோடு ஒரு லட்சத்தைத் தாண்டிய பகுதியில் அரை சதவீதத்தைச் சேர்த்து, அந்தக் கூட்டுத்தொகையின் மீது 18 சதவீதம் கணக்கிடுவார்கள். நம் எடுத்துக்காட்டில் அது 503 ரூபாய் ஆகிறது. இறுதியாக, பணம் போகும் வழியில் உள்ள இடைநிலை வங்கி 20 டாலர் எடுத்துக்கொண்டால், தரகுக் கணக்கில் 4,980 டாலர்தான் வந்து சேரும்.

இத்தனை எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. கழிந்த மொத்த ரூபாயை, போய்ச் சேர்ந்த மொத்த டாலரால் வகுத்தால் போதும். இங்கே 4,60,683 ரூபாயை 4,980ஆல் வகுக்க 92.51 ரூபாய் வருகிறது. சந்தையில் 90 ரூபாய்க்குக் கிடைக்கும் டாலரை நாம் 92.51 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறோம். அதாவது முதலீடு தொடங்கும் முன்பே ஏறத்தாழ 2.8 சதவீதம் கரைந்துவிட்டது. என் வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் இந்த ஒரே ஒரு வகுத்தலைத்தான் ஒவ்வொரு அனுப்புகைக்குப் பிறகும் செய்து எழுதி வைக்கச் சொல்கிறேன். இரு வங்கிகளை ஒப்பிட இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை, ஏனெனில் கட்டணத்தைக் குறைத்து விகிதத்தில் ஏற்றினாலும், விகிதத்தைக் குறைத்துக் கட்டணத்தில் ஏற்றினாலும், இந்த எண்ணில் அது தெரிந்தே தீரும்.

நான்கு செலவுகளில் நாம் முதலில் கை வைக்க வேண்டியது மாற்று விகிதத்தில். வங்கியின் இணையதளத்திலோ கிளையின் பலகையிலோ காணும் அட்டை விலை, பேரம் பேசாதவர்களுக்கான விலை. பேசலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. கிளை அலுவலரிடம், "சந்தை விலைக்கு மேல் எத்தனை காசு வைப்பீர்கள்" என்று காசுக் கணக்கில் கேட்க வேண்டும். "நல்ல ரேட் போட்டுத் தருகிறோம்" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளக் கூடாது. பெரும்பாலான கிளைகளுக்குத் தாமாகவே விகிதத்தைக் குறைக்கும் அதிகாரம் இல்லை. அவர்கள் வங்கியின் நாணய வர்த்தகத்தைக் கவனிக்கும் கருவூலப் பிரிவைத் தொடர்புகொண்டு சிறப்பு விகிதம் வாங்கித் தர வேண்டும். அந்த விகிதத்தை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். செலாவணிச் சந்தை காலை 9 மணி முதல் பிற்பகல் 3.30 மணி வரை இயங்குகிறது. அந்த நேரத்துக்குள், முடிந்தால் முற்பகலில், விகிதத்தை உறுதி செய்துகொள்வது நல்லது. சந்தை மூடியிருக்கும் மாலையிலும் வார இறுதியிலும் செயலி வழியே அனுப்பும்போது வங்கி தன் பாதுகாப்புக்காகச் சந்தை விலைக்கும் தன் விலைக்கும் இடையே கூடுதல் இடைவெளி வைத்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2019இல் இந்தியக் கிளியரிங் கார்ப்பரேஷன் தொடங்கிய எஃப்எக்ஸ்-ரீடெய்ல் என்ற தளம் சாதாரண வாடிக்கையாளருக்காகவே உருவானது. உங்கள் வங்கியின் வழியாக அதில் பதிவு செய்துகொண்டால், வங்கிகளிடையேயான சந்தையை ஒட்டிய விலையை நீங்களே திரையில் பார்த்து டாலர் வாங்கலாம்; அதற்கு மேல் வங்கி எவ்வளவு வைத்துக்கொள்ளும் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்கும். பல கிளைகளில் இதைப் பற்றிக் கேட்டால் உடனே பதில் கிடைப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது. இருந்தாலும் கேளுங்கள். தளத்தில் பதிவு செய்யாவிட்டாலும், அப்படி ஒன்று இருப்பதை அறிந்தவர் கேட்கிறார் என்பதே பேச்சின் போக்கை மாற்றுகிறது.

அடுத்தது இடைநிலை வங்கி. உங்கள் வங்கியிலிருந்து தரகு நிறுவனத்தின் வங்கிக்குப் பணம் நேரே போவதில்லை. உங்கள் வங்கி டாலரில் வைத்திருக்கும் நாஸ்ட்ரோ கணக்கு உள்ள ஓர் அமெரிக்க வங்கி வழியாகவோ, சில நேரம் இரண்டு வங்கிகள் வழியாகவோ செல்கிறது. படிவத்தில் கட்டணத்தை யார் ஏற்பது என்று ஒரு கட்டம் இருக்கும். ஓ-யு-ஆர் என்றால் எல்லாக் கட்டணமும் அனுப்புபவருடையது. எஸ்-எச்-ஏ என்றால் இங்குள்ள கட்டணம் நம்முடையது, வழியில் உள்ளது பெறுபவருடையது. பி-இ-என் என்றால் எல்லாமே பெறுபவருடையது. நமக்கு நாமே அனுப்பிக்கொள்வதால் எப்படிப் பார்த்தாலும் நம் பணம்தான் கழிகிறது. ஆகவே இங்கே பார்க்க வேண்டியது, எது மலிவு என்பது மட்டுமே. பெரிய தொகைக்கு ஓ-யு-ஆர் கேட்பது பெரும்பாலும் நல்லது. ஆனால் அதற்காக வங்கி வாங்கும் கூடுதல் கட்டணம் வழியில் கழியக்கூடிய டாலரைவிட அதிகமாக இருந்தால் பயனில்லை. ஓ-யு-ஆர் என்று குறித்த பிறகும் வழியில் கழிந்த நிகழ்வுகள் உண்டு என்பதால், முழுத் தொகையும் போய்ச் சேரும் என்று வங்கி உறுதி தருகிறதா எனத் தனியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன அதே 5,000 டாலரை, 45 காசு இடைவெளியில் 90.45 ரூபாய்க்கு வாங்கி, 500 ரூபாய் கட்டணமும், முழுத் தொகை சேர்வதற்காக 1,500 ரூபாயும், இரண்டுக்கும் உரிய ஜிஎஸ்டியும், நாணய மாற்றத்துக்கான ஜிஎஸ்டியும் கொடுத்தால் என்னவாகும்? கழிவது 4,55,107 ரூபாய். சேர்வது முழு 5,000 டாலர். வகுத்தால் 91.02 ரூபாய். இரண்டு வழிகளுக்கும் இடையே ஏறத்தாழ 7,400 ரூபாய் வேறுபாடு, ஒரே ஒரு அனுப்புகையில்.

சிறு தொகைகளை மாதந்தோறும் அனுப்புவோர் வேறொரு கணக்கைப் பார்க்க வேண்டும். 500 டாலர் அனுப்பும்போதும் 1,180 ரூபாய் கட்டணமும் 20 டாலர் இடைநிலைச் செலவும் மாறாமல் இருந்தால், அவை இரண்டு மட்டுமே 2,980 ரூபாய். 45,000 ரூபாயில் அது 6.6 சதவீதம். உள்நாட்டுப் பரஸ்பர நிதியில் மாதத் தவணை செலுத்திப் பழகிய நல்ல பழக்கம் இங்கே நமக்கு எதிராகத் திரும்புகிறது. மூன்று மாதத் தொகையை இங்கேயே சேமித்து வைத்து ஒன்றாக அனுப்பினால், ஆண்டுக்கு 35,760 ரூபாயாக இருந்த அந்த நிலைச் செலவு 11,920 ரூபாயாகக் குறைந்துவிடும். ஆனால் இதையே சாக்காக்கி, முதலீட்டுத் திட்டம் எதுவும் இல்லாமல் பெருந்தொகையை அங்கே கொண்டுபோய்க் குவித்து வைப்பதும் சரியல்ல. அனுப்பிய பணம் 180 நாட்களுக்குள் முதலீடு செய்யப்படாவிட்டால் இந்தியாவுக்குத் திருப்பிக் கொண்டுவரப்பட வேண்டும் என்பது 2022 ஆகஸ்டு முதல் விதி. சேர்த்து வைப்பதை இங்குள்ள சேமிப்புக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

டிசிஎஸ் எனப்படும் மூலவரி வசூலைப் பலர் வங்கிக் கட்டணம் என்று எண்ணிக் கலங்குகிறார்கள். அது செலவு அல்ல. நம் பெயரில் வரித்துறையில் வரவாகும் பணம். 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை அனுப்பினால் இது இல்லை. முதலீட்டுக்காக அதற்கு மேல் அனுப்பும் பகுதியின் மீது 20 சதவீதம் வசூலிக்கிறார்கள். இந்த வரம்பு பான் எண்ணுக்கு உரியது என்பதால், வெவ்வேறு வங்கிகள் வழியே பிரித்து அனுப்புவதால் எதுவும் மிச்சமாகாது. 15 லட்சத்தை ஏப்ரல் மாதத்தில் ஒரே ஆண்டுக் கணக்கில் அனுப்பினால் ஒரு லட்சம் ரூபாய் முடங்கும். வரிக் கணக்கில் சரிக்கட்டித் திரும்பப் பெற ஓராண்டுக்கு மேல் ஆகலாம். மார்ச்சில் 10 லட்சமும் ஏப்ரலில் 5 லட்சமுமாக அனுப்பினால், அவ்விரு ஆண்டுகளிலும் வேறு அனுப்புகை வரம்பைத் தாண்டாதவரை, அந்த முடக்கமே இல்லை. மாதச் சம்பளம் பெறுவோர் டிசிஎஸ் விவரத்தைப் பணியிடத்தில் தெரிவித்தால், சம்பளத்தில் பிடிக்கும் வரியில் அதைக் கழித்துக்கொள்ள 2024 அக்டோபர் முதல் வழியுண்டு. தொழில் செய்வோர் முன்கூட்டு வரியில் சரிசெய்துகொள்ளலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பை நான் கண்டது, பணம் திரும்பி வந்த ஒரு நிகழ்வில். மருத்துவர் ஒருவர் மனைவியோடு சேர்ந்த கூட்டுக் கணக்கிலிருந்து அனுப்பினார். முதல் பெயர் மனைவியுடையது, தரகுக் கணக்கோ மருத்துவர் பெயரில் மட்டும் இருந்தது. மூன்றாம் நபர் பணத்தை ஏற்பதில்லை என்று தரகு நிறுவனம் திருப்பி அனுப்பிவிட்டது. போகும்போது வங்கியின் விற்பனை விலை, வரும்போது அதைவிடக் குறைந்த கொள்முதல் விலை, இரு வழியிலும் இடைநிலைக் கழிவு. ஒரு பங்குகூட வாங்காமல் ஏறத்தாழ நான்கு சதவீதத்தை அவர் இழந்தார். தனிக் கணக்கிலிருந்து அனுப்புவதும், தரகு நிறுவனம் தந்த கணக்குக் குறிப்பு எண்ணை ஒரு எழுத்தும் மாறாமல் படிவத்தில் எழுதுவதும், கிளையில் தட்டச்சு செய்யப்பட்ட விவரங்களைக் கையொப்பமிடும் முன் வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பதும் பத்து நிமிட வேலைகள். முதன்முறை அனுப்புபவர்கள் ஒரு சிறு தொகையை முன்னோட்டமாக அனுப்பிப் பார்ப்பதை நான் ஆதரிக்கிறேன்; அதற்கு ஆகும் மூவாயிரம் ரூபாயை நான் வீண் என்று கருதவில்லை, ஏனெனில் வழியில் எத்தனை டாலர் கழிகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

பொறியாளர் தம் இரண்டாவது அனுப்புகைக்கு முன் இரண்டு வங்கிகளிடம் எழுத்து மூலம் விகிதம் கேட்டார். பழைய வங்கியே, வேறிடத்தில் கிடைத்த விகிதத்தைக் காட்டியதும், தன் இடைவெளியை 40 காசுக்குக் குறைத்துக்கொண்டது. அந்த மின்னஞ்சலை அவர் பணம் கழிந்த அறிவிப்போடும், ஸ்விஃப்ட் எனப்படும் வங்கிகளிடையேயான அனுப்புகைச் செய்தியின் நகலோடும் சேர்த்துக் கோப்பில் வைத்திருக்கிறார். பங்குகளை விற்றுப் பணத்தை இங்கே கொண்டுவரும் நாளில் வங்கியின் கொள்முதல் விலைக்கும் இதேபோலப் பேச வேண்டும் என்று நான் சொன்னதை, அதே கோப்பின் முதல் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார்.