அமைச்சகம் என்பது ஒரு பட்டியல்

அமைச்சரவை மாற்றம் என்றதும் யாருக்கு எந்த இலாகா என்றுதான் தேடுகிறோம். நிர்வாகத்தைப் பொறுத்தவரை அதுதான் இருப்பதிலேயே எளிய மாற்றம். பிரதமரின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் ஒரு துறையை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் கொடுக்கிறார். செயலர், ஊழியர்கள், கோப்புகள், நிதி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அமைச்சர்களின் எண்ணிக்கைக்கு மட்டும் வரம்பு உண்டு. 2003-இல் வந்த 91-ஆவது அரசமைப்புத் திருத்தத்தின்படி, பிரதமரையும் சேர்த்து மக்களவையின் மொத்த உறுப்பினர்களில் 15 சதவீதத்தை அது தாண்டக்கூடாது. 543 உறுப்பினர் என்றால் 81 பேர். அமைச்சகங்களின் எண்ணிக்கைக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை.

கடினமானது வேலையே இடம் மாறும்போதுதான். மத்திய அரசில் எந்த வேலை எந்தத் துறைக்கு என்பதைச் சொல்வது 1961-ஆம் ஆண்டின் அலுவல் ஒதுக்கீட்டு விதிகள். அரசமைப்பின் 77(3) தரும் அதிகாரத்தில் குடியரசுத் தலைவர் இயற்றியவை அவை. முதல் அட்டவணையில் அமைச்சகங்கள், துறைகளின் பெயர்கள் இருக்கும். இரண்டாவது அட்டவணையில் ஒவ்வொரு துறைக்கும் உரிய பொருள்கள் எண் போட்டு வரிசையாக இருக்கும். ஓர் அமைச்சகம் என்பது உண்மையில் இந்த வரிகளின் தொகுப்புதான். வரி நகர்ந்தால் அதிகாரம் நகர்கிறது.

திருத்தத்தை அமைச்சரவைச் செயலகம் தயாரிக்கிறது; குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அரசிதழில் வெளியாகிறது. நாடாளுமன்ற வாக்கெடுப்பு தேவையில்லை. அமெரிக்காவில் இப்படி முடியாது: 22 அமைப்புகளைச் சேர்த்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையை உருவாக்க 2002-இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. இந்தியாவில் இது எளிதாக நடப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் சட்டங்கள் பெரும்பாலும் ‘மத்திய அரசு’ என்றே சொல்கின்றன, அமைச்சகத்தின் பெயரைச் சொல்வதில்லை. அதனால் பொறுப்பு கைமாறினாலும் சட்டத்தைத் தொட வேண்டியதில்லை. ஒரு வாரியத்தில் இன்ன துறையின் செயலர் பதவி வழி உறுப்பினர் என்று சட்டமே எழுதிவைத்திருந்தால்தான் சிக்கல்.

குடிநீரை எடுத்துக்கொள்வோம். 1999-இல் ஊரக வளர்ச்சி அமைச்சகத்துக்குள் அதற்கென்று ஒரு துறை பிறந்தது. 2010-இல் அதன் பெயரில் துப்புரவும் சேர்ந்தது. 2011-இல் அது தனி அமைச்சகமானது. 2019 மே மாத இறுதியில் நீர்வள அமைச்சகத்தோடு இணைந்து ஜல்சக்தி அமைச்சகம் ஆனது. ஆனால் இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடவில்லை. ஒரே அமைச்சரின் கீழ் இரண்டு துறைகளாக, இரண்டு செயலர்களோடு தொடர்கின்றன. நகரங்களின் குடிநீர் இந்த இணைப்புக்குள் வரவே இல்லை. அது வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் பட்டியலில் இருக்கிறது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருப்பதும் மாறவில்லை. ‘தண்ணீருக்கு ஒரே அமைச்சகம்’ என்ற தலைப்புச் செய்தியை இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் படிக்க வேண்டும்.

அரசிதழ் வெளியான மறுநாள்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. எந்தெந்தப் பிரிவுகள் போகின்றன, அவற்றோடு எத்தனை பணியிடங்கள் போகின்றன என்று பழைய துறையும் புதிய துறையும் உட்கார்ந்து பேச வேண்டும். கசப்பு வருவது இங்கேதான். கொள்கை வகுக்கும் பிரிவைப் பிரிப்பது எளிது. நிர்வாகம், கணக்கு, சட்டம், நாடாளுமன்றப் பிரிவு போன்றவை எல்லா வேலைக்கும் பொதுவானவை. அவற்றை வெட்டிக் கொடுக்க எந்தத் துறையும் முன்வராது. புதிய துறை நாற்காலியும் கணினியும் வாங்கிவிடும், ஆனால் பழைய கோப்பு எங்கே என்று தெரிந்த பிரிவு அலுவலர் வந்து சேரவில்லை என்றால் மாதக்கணக்கில் திணறும். அதன் கீழ் வரும் நிறுவனங்களும் கைமாற வேண்டும். 2021 ஜூலையில் கூட்டுறவு அமைச்சகம் உருவானபோது, தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழகம் வேளாண் அமைச்சகத்திலிருந்து அதனிடம் வந்தது. வேளாண் துறையின் பெயரிலிருந்து ‘கூட்டுறவு’ நீங்கியது.

பணத்துக்குக் காலக்கணக்கு உண்டு. நாடாளுமன்றம் நிதியை ஒதுக்குவது மானியக் கோரிக்கை வாரியாக, அதாவது துறைகள் தங்கள் செலவுக்குத் தனித்தனியாகக் கேட்கும் தொகை வாரியாக. நிதியாண்டின் நடுவில் ஒரு வேலை இடம் மாறினால், பழைய கோரிக்கையில் இருக்கும் தொகையைப் புதிய துறை தானாக எடுத்துச் செலவழிக்க முடியாது. துணை மானியக் கோரிக்கை வழியாக அதைத் தன் கணக்குக்குக் கொண்டுவர வேண்டும். ஜல்சக்திக்கு நேரம் வாய்த்தது: தேர்தல் ஆண்டு என்பதால் அப்போது இடைக்கால பட்ஜெட் மட்டுமே முடிந்திருந்தது, முழு பட்ஜெட் ஜூலை 5 அன்றுதான் வந்தது. கூட்டுறவு அமைச்சகம் பிறந்தபோது அந்த ஆண்டின் பட்ஜெட் நிறைவேறி மாதங்கள் ஆகியிருந்தன. நிலுவையில் உள்ள வழக்குகளில் அரசின் சார்பில் யார் பதில் மனு போடுவது, எந்த நாளில் எந்த அமைச்சர் அவையில் கேள்விக்குப் பதில் சொல்வது, எந்த நிலைக்குழு கண்காணிப்பது என்பதையும் அதே வேகத்தில் தீர்க்க வேண்டும்.

பெயர் மாற்றம் இத்தனை வேலை வைப்பதில்லை. 1985-இல் உருவான மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2020-இல் மீண்டும் கல்வி அமைச்சகம் ஆனபோது முத்திரை, கடிதத்தாள், இணைய முகவரி ஆகியவை மாறின.

மாறாக, பெயரே மாறாமல் பெரிய மாற்றம் நடந்துவிடுவதும் உண்டு. 2020 நவம்பரில் வந்தது அலுவல் ஒதுக்கீட்டு விதிகளின் 357-ஆவது திருத்தம். புதிய அமைச்சகமும் இல்லை, புதிய அமைச்சரும் இல்லை. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பட்டியலில் 22ஏ, 22பி என்று இரண்டு வரிகள் சேர்ந்தன: இணையத்தில் வழங்கப்படும் திரைப்படங்களும் காணொளி நிகழ்ச்சிகளும் ஒன்று, இணையத் தளங்களில் வரும் செய்தி, நடப்பு நிகழ்வுகள் மற்றொன்று. ஓடிடி தளங்கள் அந்த அமைச்சகத்தின் கீழ் வந்தது இப்படித்தான். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு அமைச்சகத்திடமே இருந்தது. 2021 பிப்ரவரியில் அந்தச் சட்டத்தின் கீழ் டிஜிட்டல் ஊடக விதிகள் வந்தபோது, விதிகளை வெளியிட்டது மின்னணு அமைச்சகம்; அவற்றின் மூன்றாம் பகுதியை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குப் போனது.