தானியங்கியா, தன்னியக்கமா?

புரதப் படிகங்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராயும் வேலையில் பெரும்பகுதியை இப்போது மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. இதைத் தமிழில் எழுதுபவர்கள் 'தானியங்கி நுண்ணோக்கி' என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறார்கள். தானியங்கி என்பது ஒரு பொருள். அவர்கள் சொல்லவரும் ஆட்டோமேஷன் (automation) என்பது ஒரு செயல். அதற்குத் தன்னியக்கம் என்பதே பொருந்தும் என்பது என் கட்சி.

கிரேக்கத்தில் 'ஆட்டோமேட்டோஸ்' என்றால் தானாகச் செயல்படுவது. 1940களில் ஃபோர்டு கார் ஆலையிலிருந்து 'ஆட்டோமேஷன்' புழக்கத்துக்கு வந்தது. வேர்க்கதை இவ்வளவுதான்.

'தான்' இருக்கிறது, 'இயங்கு' இருக்கிறது, அப்புறம் என்ன குறை என்பது தானியங்கிக் கட்சியின் வாதம். குறை அந்த 'இயங்கு'விலேயே இருக்கிறது. திருந்து–திருத்து போல இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை. ஆள் வந்ததும் திறக்கும் கதவைத் தானியங்கி என்றால் சரி. நுண்ணோக்கியின் கதை வேறு. 2013-ல் அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வகத்தில் டாமிர் கோனன் குழு, கோழிமுட்டை வெள்ளைக்கருவில் உள்ள லைசோசைம் என்ற புரதத்தின் நுண்படிகங்களைக் கொண்டு செய்துகாட்டிய மைக்ரோ-ஈடி (MicroED) முறையைப் பாருங்கள். நுண்படிகத்தில் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, அது சிதறும் விதத்திலிருந்து புரதத்தின் அமைப்பைக் கண்டறியும் முறை இது. எலக்ட்ரான் கற்றை பட்டால் படிகம் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் திரவ நைட்ரஜன் குளிரில் வைத்து, மிக வலுக்குறைந்த கற்றையைப் பாய்ச்சி, படிகத்தை நிற்காமல் சுழற்றிக்கொண்டே படமெடுக்கிறார்கள். படிகத்தைத் தாங்கும் மேடை ஏறக்குறைய 70 டிகிரிக்கு மேல் சாயாது. ஒரே படிகத்தில் முழுத் தரவும் கிடைக்காமல் போவதுண்டு. பல படிகங்களின் தரவைச் சேர்த்தால்தான் கதை நடக்கும். மனிதர் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தால் விடிந்துவிடும்.

ஆகவே படிகங்களைப் பரப்பி வைத்த, 3 மி.மீ. விட்டமுள்ள வலைத்தட்டின் வரைபடத்தில் வேண்டிய படிகங்களைக் குறித்துக் கொடுத்துவிடுகிறார்கள். கொலராடோவில் உருவான சீரியல்-இஎம் போன்ற நிரல், குறித்த இடத்துக்கு மேடையை நகர்த்தும். சாய்க்கும்போது படிகம் கற்றையை விட்டு விலகாதபடி உயரத்தைச் சரிசெய்யும், சுழற்றும், பதிவுசெய்யும், அடுத்ததற்குப் போகும். நுண்ணோக்கி தானாக இயங்கவில்லை ஐயா, இயக்கப்படுகிறது!

'இயக்கம்' என்ற சொல்லில் இயங்குவதும் அடங்கும், இயக்குவதும் அடங்கும். அதனால்தான் தன்னியக்கம் என்கிறேன். 'தானியக்கம்' என்று எழுதுவோரும் உண்டு. தன்னலம், தன்னடக்கம் என்று சொல்லும் ஊரில் இது மட்டும் ஏன் நீள வேண்டும்? வேகமாகப் படித்தால் தானியக் கிடங்கு வேறு நினைவுக்கு வருகிறது.

இதே மொழிபெயர்ப்பாளர்கள்தான் 'மின்னணு நுண்ணோக்கி' என்றும் எழுதுகிறார்கள். மின்னணுக் கடிகாரம் போல, உள்ளே சில்லு வைத்த ஏதோ ஒரு கருவி என்றுதானே வாசகர் நினைப்பார்? இலங்கைத் தமிழில் 'இலத்திரன் நுணுக்குக்காட்டி' என்கிறார்கள். அங்கே இந்தக் குழப்பமே இல்லை. நமக்கு 'எலக்ட்ரான்' என்று அப்படியே எழுதினால் தமிழ் ஒன்றும் தேய்ந்துவிடாது.

செயலைச் சொல்ல 'எலக்ட்ரான் நுண்ணோக்கியைத் தன்னியக்கமாக்கல்' என்று எழுதலாம். கருவிக்குத் 'தன்னியக்க நுண்ணோக்கி' போதும். எந்தப் படிகத்தை எடுப்பது என்பதையும் மென்பொருளே முடிவுசெய்தால், அதற்குத் 'தன்னாட்சி' என்று தனிச்சொல் இருக்கிறது. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டாதீர்கள்.