ஒரியுந்தோ: லூயிஸ் மோன்ட்டியை இரண்டு நாட்டுக்கும் ஆடவைத்த சொல்

ஒரியுந்தோ என்பது இத்தாலியச் சொல். பன்மையில் ஒரியுந்தி. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு ‘ஓரியுண்டி’ என்று எழுதத் தோன்றும். இத்தாலியர் வாயில் வருவது நம் ‘பந்து’வில் உள்ள அதே ‘ந்து’தான், அதனால் அப்படியே எழுதிவிடலாம்.

இத்தாலியை விட்டுப் பிழைக்கப் போன குடும்பத்தில், வேறு நாட்டில் பிறந்தவர் என்பது பொருள். விளையாட்டு உலகில் பொருள் இன்னும் குறுகுகிறது: அந்தக் குடும்ப வேரைக் காட்டிக் குடியுரிமை பெற்று, இத்தாலியில் ஆட வந்தவர்.

வேர் லத்தீன். எழு, உதி, பிற என்ற பொருள்கள் கொண்ட ‘ஒரீரி’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. கிழக்கைக் குறிக்கும் ‘ஓரியன்ட்’ என்ற சொல்லும் இந்த வினையின் பிள்ளைதான். சூரியன் உதிக்கும் திசை அல்லவா? ‘ஒரியுந்துஸ்’ என்றால் ‘இன்ன இடத்திலிருந்து தோன்றியவர்’.

இந்தச் சாதாரணச் சொல் கால்பந்துக்குள் நுழைந்ததற்கு ஒரு தடை காரணம். 1926இல், முசோலினி ஆட்சிக்காலத்தில், ‘வியாரெஜ்ஜோ சாசனம்’ என்ற விதித்தொகுப்பு வந்தது. இத்தாலியக் கிளப்புகளில் வெளிநாட்டு வீரர்களுக்கு அது கதவை அடைத்தது. ஆனால் 1912ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வேறொரு கதவைத் திறந்தே வைத்திருந்தது: தந்தை இத்தாலியர் என்றால், எங்கே பிறந்தாலும் பிள்ளையும் இத்தாலியர். அர்ஜென்டினா, உருகுவே, பிரேசில் நாடுகளில் அப்படிப்பட்ட குடும்பங்கள் லட்சக்கணக்கில் இருந்தன. கிளப்புகளின் பார்வை புவெனஸ் அய்ரஸ் பக்கம் திரும்பியது.

அப்படி வந்தவர்களில் லூயிஸ் மோன்ட்டியைப் போல இன்னொருவர் இல்லை. 1901இல் புவெனஸ் அய்ரஸில் பிறந்தவர். நடுக்களத்தில் நின்று தடுப்பதும் தாக்குதலைத் தொடங்கிவைப்பதும் அவர் வேலை. களத்தின் அகலம் முழுவதையும் ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்வார் என்பதால் ‘இரட்டை அகலம்’ என்று பட்டப்பெயர். முரட்டு ஆட்டக்காரர், எதிரணிக்கு அவரிடம் பயம் இருந்தது. சான் லொரென்சோ கிளப்புக்காகப் பல பட்டங்கள் வென்றார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவுக்காக வெள்ளி.

1930இல் முதல் உலகக் கோப்பை. ஜூலை 15 அன்று பிரான்சுக்கு எதிராக, 81ஆவது நிமிடத்தில், ஃப்ரீ கிக்கில் அவர் அடித்த கோல்தான் உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் முதல் கோல். ஜூலை 30, மான்டிவிடியோவில் இறுதிப் போட்டி. அதற்கு முன் அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. இடைவேளையில் 2-1 என்று முன்னணியில் இருந்த அர்ஜென்டினா, கடைசியில் உருகுவேயிடம் 4-2 என்று தோற்றது.

அடுத்த ஆண்டே இத்தாலியின் யுவென்டஸ் கிளப் அவரைத் தன் ஊரான டூரினுக்கு அழைத்துக்கொண்டது. உடம்பு பெருத்திருந்தது, அதை இறக்கிவிட்டுத்தான் ஆடத் தொடங்கினார். அப்புறம் தொடர்ந்து நான்கு முறை இத்தாலிய லீக் பட்டம். 1934 ஜூன் 10, ரோம் நகரில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இந்த முறை இத்தாலியின் நீலச் சட்டையில் மோன்ட்டி. செக்கோஸ்லோவாக்கியாவை இத்தாலி கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்றது. ஆட்டத்தைச் சமன் செய்த கோலை அடித்த ஓர்சியும் இன்னொரு ஒரியுந்தோ. இரண்டு உலகக் கோப்பை இறுதிப் போட்டிகளில் இரண்டு வெவ்வேறு நாடுகளுக்காக ஆடியவர் மோன்ட்டி ஒருவர்தான்.

அதே ஆண்டு நவம்பரில் லண்டன் ஹைபரி மைதானத்தில் இங்கிலாந்துடன் ஆட்டம். தொடங்கிய சில நிமிடங்களிலேயே மோன்ட்டியின் கால் எலும்பு உடைந்தது. மாற்று வீரரை இறக்க முடியாத காலம் அது. மீதி ஆட்டத்தைப் பத்துப் பேரை வைத்து ஆடிய இத்தாலி 3-2 என்று தோற்றது.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் விளக்கம் முழுமையாகாது. அன்று இத்தாலியர் என்றால் படைச் சேவையும் சேர்ந்தே வந்தது. இத்தாலிக்காகச் சாகக் கடமைப்பட்டவர் இத்தாலிக்காக ஆடக்கூடாதா என்பதுதான் இத்தாலிய அணியின் பயிற்சியாளர் போட்சோவின் வாதம். 1935இல் அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) மீதான இத்தாலியின் போர் நெருங்கியபோது அந்த வாதம் நிஜமாகக் கழுத்துக்கு வந்தது. ரோமா கிளப்பின் குவைட்டா, முந்தைய பருவத்தில் லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர், உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தவர். படையில் சேர்த்துவிடுவார்கள் என்று பயந்து, இன்னும் இரு வீரர்களோடு நாட்டைவிட்டே தப்பி ஓடினார். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பந்து ஆடத்தானே வந்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்?

‘புலம்பெயர்ந்தவர்’ பொருந்தாது. இடம் பெயர்ந்தது தந்தையோ பாட்டனோதான். ‘இரு நாட்டு வீரர்’ என்றால் குடும்ப வேர் என்ற கருத்தே விடுபட்டுவிடும். இன்று ஒருவர் வேறு காரணத்தாலும் நாடு மாறி ஆடலாமே. ‘இத்தாலிய வம்சாவளியினர்’ என்று செய்தித்தாள்கள் எழுதுவது தவறில்லை, ஆனால் அது வடசொல். “உங்களுக்குப் பூர்வீகம் எது?” என்று பேச்சில் கேட்கிறோமே, அந்தப் ‘பூர்வீகம்’ உணர்வில் மிக நெருங்கி வருகிறது. ஆனால் ‘பூர்வீகர்’ என்று ஆளைக் குறித்தால், அந்த மண்ணின் ஆதிக்குடி என்று படித்துவிடுவார்கள். ‘கால்வழி’ நல்ல பழஞ்சொல்தான். ஆனால் கால்பந்துக் கட்டுரையில் ‘கால்’ வேறு பொருளுக்கு இழுத்துவிடும்.

என் தேர்வு ‘வழித்தோன்றல்’. லத்தீன் வினை தரும் அதே ‘தோன்று’ இதிலும் இருக்கிறது, ‘வழி’ தலைமுறையைச் சேர்த்துக்கொள்கிறது. அரச குலங்களுக்கு மட்டும் உரிய சொல்லாக நினைத்து இதை ஒதுக்க வேண்டியதில்லை. தனியே நின்றால் நாடு தெரியாது, ஆகவே நாட்டின் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும்: “மோன்ட்டி, அர்ஜென்டினாவில் பிறந்த இத்தாலிய வழித்தோன்றல்.” 2006இல் இத்தாலியுடன் உலகக் கோப்பை வென்ற கமொரனேசியும் அர்ஜென்டினாவில் பிறந்தவர்தான். அவருக்கும் இதே தொடர் அப்படியே பொருந்தும்.