டயரைக் காப்பாற்றும் 17

"ஃபிக்ஸட் கியர் சைக்கிள் பழகுகிறேன். பின் டயர் ஒரே ஓர் இடத்தில் மட்டும் நூல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. மட்டமான டயரா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பல்சக்கரங்களில் முன்னால் 48 பல், பின்னால் 16 பல் என்றும் எழுதியிருந்தார். டயர் மேல் குற்றமில்லை. விடை அந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

சாதாரண சைக்கிளில் காலை நிறுத்தினாலும் சக்கரம் உருளும். ஃப்ரீவீல் 'டிக் டிக்' என்று நழுவிக்கொண்டிருக்கும். ஃபிக்ஸட் கியரில் ஃப்ரீவீல் கிடையாது. குழந்தைகளின் மூன்று சக்கர வண்டி மாதிரி, சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். பழக்கத்தில் காலை நிறுத்தினால் பெடல் ஆளையே தூக்கிவிடும்.

வண்டியைச் சட்டென்று நிறுத்த, உடம்பை முன்னால் சாய்த்துப் பின் சக்கரத்தின் பாரத்தைக் குறைத்து, இரண்டு காலாலும் பெடலைச் சுற்றவிடாமல் பூட்டுவார்கள். டயர் சர்ரென்று இழுபடும். பூட்டும்போது பெடல்கள் கிடைமட்டமாக இருக்கும், பழகிய கால் முன்னால் இருக்கும். எப்போதும் அதே நிலைதான்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். 48-ஐ 16-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 3. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் சரியாக மூன்று சுற்று. அதனால் எத்தனை முறை பூட்டினாலும் டயரின் அதே இடம் தரையில் உரசுகிறது. பின்னால் 17 பல் போட்டால்? 48/17 சுருங்காத பின்னம். பெடல் 17 முறை சுற்றினால்தான், அதே பூட்டும் நிலையில் டயரின் பழைய இடம் மறுபடி கீழே வரும். தேய்மானம் 17 இடங்களுக்குப் பிரிந்துவிடும். 46/16 என்றால் 23/8 ஆகச் சுருங்கும், 8 இடம். சுருக்கிய பிறகு கீழே நிற்கும் எண்தான் கணக்கு. மேலே நிற்பது ஒற்றைப்படையாக இருந்து, கால் மாற்றிப் பூட்டவும் தெரிந்தால் இரட்டிப்பு: 47/17-இல் 34 இடம்!

பின்னம் நடத்தும் ஆசிரியர்கள் ஒரு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, பிள்ளைகளையே பெடலைச் சுற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். சாக்பீஸ் செலவுதான், கணக்கு கண்முன்னே உருளும்.

சரி, வாசகரே, பின்னால் 17 பல் சக்கரத்துக்கு மாற்றுங்கள். வேகம் சுமார் 6 சதவீதம் குறையும், மேடு ஏறச் சுலபம். முன் பிரேக்கைக் கழற்றாதீர்கள். நிறுத்தும்போது பாரம் முன்னால் போவதால் பின் சக்கரத்தின் பிடி குறைவு. பல்சக்கரத்தை மாற்றும்போது கவனியுங்கள்: அதற்கு வெளியே உள்ள பூட்டு வளையத்தின் மரை மட்டும் தலைகீழ். கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். எதிர்த்து மிதிக்கையில் பல்சக்கரம் கழலப் பார்த்தால், அந்த வளையம் இன்னும் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.